வாசி

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு குயர் நோட்டு இருக்கிறது. அப்பாவின் வாடகை சைக்கிள் கணக்கு. திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவர் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு சைக்கிள், ஒரு காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள்தான் பாதி வாடிக்கை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், மணிக்கணக்கும் நாள்கணக்கும் இல்லாத ஒரே ஒரு வரி: "அமெரிக்கா அம்மா ரூ. 17,000. 3.3.90."

அந்த அம்மாளுக்கு அப்போது நாற்பது வயதுக்குமேல் இருக்கும். தொடர்ந்து ஒரு வருஷம் இங்கே தங்குவது என்று முடிவு செய்து 1,000 டாலருக்கான டிராவலர்ஸ் செக்கை வங்கியில் மாற்றியிருக்கிறார். டாலர் அன்றைக்கு 17 ரூபாய் சொச்சம். மாற்றிய அதே வாரத்தில் ஊரில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்துவிட்டது. ரூபாயை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. திரும்ப டாலராக்க வேண்டுமென்றால் அதற்கு வங்கிச் சீட்டு, அலைச்சல். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன், வைத்திருங்கள் என்று கட்டாக அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஏன் அப்பாவிடம்? தினமும் சைக்கிள் எடுத்த பழக்கம், வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ரசீது கிடையாது. அந்த நோட்டு வரிதான்.

ஆறு மாதம் இருபத்து மூன்று வருஷம் ஆனது. இரண்டு கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. 2013 நவம்பரில், தீபத்துக்கு முந்தைய வாரம், நரைத்த தலையோடு ஒரு அம்மாள் ஆட்டோவிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, லீவில் வந்திருந்தேன். அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாதான் காபி ஆறுவதற்குள் பரண்மேல் ஏறி நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்து வைத்தார். அவர் சிரித்துவிட்டு, "செவன்டீன் தௌசண்ட், யெஸ்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பணம் கட்டாக அப்படியே இருக்கவில்லை. 1992-இல் எங்கள் மனைக்கு முன்பணம் கொடுக்கும்போது அதில் இந்தப் பதினேழாயிரமும் சேர்ந்துவிட்டது. அப்பா இதை யாரிடமும் மறைத்ததில்லை, பெருமையாகச் சொன்னதும் இல்லை. இன்று நாங்கள் நிற்கும் தரையின் ஒரு பகுதி அந்த அம்மாளுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று ராத்திரி நான் லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்செல் போட்டேன். பொறியாளனுக்குச் சங்கடம் வந்தால் எக்செல் திறப்பான். முதல் வரி: வாங்கியது 17,000 ரூபாய், கொடுக்க வேண்டியதும் 17,000 ரூபாய். சட்டம் பொதுவாக இந்த வரியோடு நின்றுவிடும், ரூபாய்க்கு ரூபாய். இரண்டாவது வரி: அவர் மனதில் அது 1,000 டாலர். அன்றைய விலையில் 62,000-க்கு மேல். மூன்றாவது: வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தால் லட்சத்தைத் தாண்டியிருக்கும். நான்காவது: அமெரிக்காவிலேயே அந்த இருபத்து மூன்று வருஷத்தில் விலைவாசி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகியிருந்தது, அதனால் அவருடைய ஆயிரமும் 1,750 டாலராக வேண்டும். ஐந்தாவது: தங்கம். 1990-இல் பதினேழாயிரத்துக்கு ஆறு பவுன் வாங்கியிருக்கலாம். ஆறு பவுன் 2013-இல் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். ஆறாவது வரியில் மனையின் விலை வர வேண்டும். அதை நான் எழுதவில்லை. கர்சர் அங்கே துடித்துக்கொண்டிருந்தது, மூடிவிட்டேன்.

ஒரே பணம், ஐந்து விடை. காலையில் இதை அப்பாவிடம் காட்டினேன். அவர் முதல் இரண்டு வரியையே ரொம்ப நேரம் பார்த்தார். "பதினேழு ரூபா டாலரு அறுவத்திரண்டு ஆச்சுன்றியே, யாரு ஏத்துனது?" என்றார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும்: 1947-இல் ஒரு ரூபாய் ஒரு டாலருக்குச் சமம், பார் எங்கே இறங்கிவிட்டோம் என்று. பொய். அன்று ரூபாய் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் சொச்சம். ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு டாலர் 3.30 ரூபாயை ஒட்டி வரும். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலராகக் குறைத்தது. இந்தியாவும் கூடவே இறங்கியது, டாலர் 4.76 ரூபாய் ஆனது. பாகிஸ்தான் இறங்க மறுத்தது. அதுவரை சமமாக இருந்த இரண்டு ரூபாய்களுக்கு நடுவே திடீரென்று ஒரு விகிதம் முளைத்தது, இந்தியா அதை ஏற்கவில்லை, கிழக்கு வங்கத்துச் சணலுக்கும் கல்கத்தா ஆலைகளுக்கும் இடையே வியாபாரம் முடங்கிப் போனது.

1966 ஜூன் 6. 6-6-66 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 4.76-லிருந்து 7.50. முந்தைய வருஷம் போர், தொடர்ந்து வறட்சி, கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை நம்பி நாடு சாப்பிட்டது. ரூபாயைக் குறைத்தால் உதவி வரும் என்று உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்கின. மதிப்புக் குறைப்பை எதிர்த்துவந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதற்கு ஐந்து மாதம் முன்பே நிதியமைச்சர் பதவியிலிருந்து போய்விட்டார். இந்திரா காந்தி கையெழுத்திட்டார், கட்சித் தலைவராக இருந்த காமராஜர் கடுமையாக எதிர்த்தார். எதிர்பார்த்த அளவு உதவி வரவில்லை.

பிறகு 1991. கையிருப்பில் சில வாரத்து இறக்குமதிக்கு மட்டுமே டாலர். ஜூலை 1, ஜூலை 3 என்று இரண்டு படியாக ரூபாய் குறைக்கப்பட்டது. 21 ரூபாயாக இருந்த டாலர் 26-ஐ நெருங்கியது. முதல் படிக்குப் பிறகு பிரதமர் நரசிம்ம ராவ் தயங்கி இரண்டாவதை நிறுத்தச் சொன்னதாகவும், மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கியைக் கூப்பிட்டபோது துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் 'அறிவித்தாகிவிட்டது' என்று சொன்னதாகவும் ரங்கராஜனே பிற்பாடு பதிவு செய்திருக்கிறார். அதே ஜூலையில் 47 டன் தங்கம் வெளிநாட்டில் அடகுக்குப் போனது. அப்பாவுக்கு இந்த ஜூலை நினைவில் இல்லை. அதே வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நினைவிருக்கிறது, கடையை மூன்று நாள் சாத்திவைத்தது நினைவிருக்கிறது. தன்னிடம் இருந்த அந்த அம்மாளின் ஆயிரம் டாலர், இரண்டு அறிவிப்பில் எழுநூறுக்கும் கீழே போனது தெரியாது.

1993-க்குப் பிறகு யாரும் கையெழுத்திடவில்லை. விகிதத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும், ரிசர்வ் வங்கி அவ்வப்போது டாலரை வாங்கியும் விற்றும் தட்டிக்கொடுக்கும். 2013 மே மாதம் அமெரிக்காவில் பெர்னான்கி, பத்திரங்கள் வாங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார். ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68.8 ரூபாய். 1966-க்கு இந்திராவைத் திட்டலாம், 1991-க்கு ராவையும் சிங்கையும் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது? அப்பாவின் "யாரு ஏத்துனது" என்ற கேள்விக்கு 1993 வரை ஆள் இருந்தது. அதற்கப்புறம் இல்லை.

ரூபாய் விழுந்தால் மானம் போய்விட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு டாலருக்கு நூற்றுக்கணக்கில் யென் கொடுக்கும் ஜப்பானை யாரும் ஏழை நாடு என்பதில்லை. இன்னொரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வின் முன்வைத்த பதினோரு கோரிக்கைகளில் உப்பு வரியை எடு, மதுவிலக்கு கொண்டுவா என்பவற்றோடு ஒன்று: ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸிலிருந்து 4 பென்ஸுக்குக் குறை. தேசபக்தர் ரூபாயை *இறக்கச்* சொன்னார். கணக்கு எளிது. எங்கள் வட ஆற்காட்டு மல்லாட்டை அந்தக் காலத்தில் கப்பலேறி பிரான்ஸ் வரைக்கும் போனது. ஒரு பவுண்டுக்கு விற்ற சரக்குக்கு 6 பென்ஸ் கணக்கில் 13 ரூபாய் 5 அணா கிடைக்கும், 4 பென்ஸ் கணக்கில் 15 ரூபாய். நடுவில் இருக்கும் ஒரு ரூபாய் பதினோரு அணா குடியானவனிடமிருந்து போகிறது. யாரிடம் போகிறது? சம்பளத்தை மிச்சம்பிடித்து லண்டனுக்கு அனுப்பும் வெள்ளைக்கார அதிகாரிக்கு, மான்செஸ்டர் துணியை இறக்கி விற்பவனுக்கு. விகிதம் என்பது அண்டை வீட்டுக்காரன் பையிலிருந்து என் பைக்கு சத்தமில்லாமல் பணம் மாறும் வழி. அது ஏறினாலும் மாறும், இறங்கினாலும் மாறும், ஆள்தான் வேறு.

2013-இல் அந்த ஆள் நான். எங்கள் கம்பெனி அமெரிக்க வாடிக்கையாளருக்கு டாலரில் பில் போட்டு எங்களுக்கு ரூபாயில் சம்பளம் கொடுத்தது. ஆகஸ்டில் ரூபாய் சரிந்த வாரத்தில் மேனேஜர் கேக் வாங்கி வைக்காததுதான் குறை. அதே வாரத்தில் அண்ணாமலையார் கோயில் பின்பக்கம் பஜ்ஜி போடும் அக்கா, பாமாயில் விலையைப் பற்றிப் புலம்பினார். அந்த எண்ணெய் மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ டாலர் கொடுத்து வாங்கியது. என் போனஸில் ஒரு துளி அவருடைய வாணலியிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை. நான் திருடவில்லை. அவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். தெரிந்த பின்னும் ஒன்றும் செய்யவில்லை, பஜ்ஜியை மட்டும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன்.

நாணயத்துக்கு நாணயம் மாற்றும்போது கழித்துக்கொள்ளும் தள்ளுபடிக்குத் தமிழில் 'வாசி' என்று ஒரு பழைய சொல் உண்டு. பெரியபுராணத்தில் வருகிறது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் தினம் ஒரு படிக்காசு வைக்கிறார், அடியார்களுக்குச் சோறு போட. அப்பரின் காசைக் கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். சம்பந்தரின் காசுக்கு வாசி கேட்கிறார்கள். அதை மாற்றிச் சாமான் வாங்கி வருவதற்குள் சம்பந்தரின் மடத்தில் சாப்பாடு தாமதமாகிறது. கடவுள் கொடுத்த காசுக்கே ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், அப்பர் உழவாரத்தைக் கையில் பிடித்து உடம்பு நோகத் தொண்டு செய்கிறவர் என்று பதில் வருகிறது. சம்பந்தர் வாசியைத் தீர்க்கச் சொல்லிப் பாடுகிறார், தீர்கிறது. எனக்கு இந்தக் கதையில் பிடிபடாமல் இருந்தது ஒன்று. உழைப்புக்கு உயர்ந்த காசு என்பது நியாயமாகத்தான் படுகிறது. நம் உலகத்தில் அது தலைகீழாக இருக்கிறதே?

வாங்கும் சக்தியை வைத்துப் பார்க்கும் சர்வதேசக் கணக்கு ஒன்று உண்டு. 2017-இல் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க 20.65 ரூபாய் போதும் என்றது அது. அதே வருஷம் சந்தையில் டாலர் 65 ரூபாய். செங்கம் சாலையில் முடிவெட்டுகிறவரும் சிகாகோவில் வெட்டுகிறவரும் ஒரே கத்தரிக்கோலைத்தான் பிடிக்கிறார்கள், ஒரே நேரம்தான் ஆகிறது. முடிவெட்டைக் கப்பலில் ஏற்ற முடியாது, அதனால் இங்கே விலை ஏறுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வாசி. அந்த வாசியில்தான் எங்கள் ஊரின் விடுதிகள், ஆப்பிள் பை விற்கும் கடைகள், மாடியில் தியானம் செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் வாழ்கிறார்கள். நானும்தான். ஒருமுறை என்னை மணிக்கு எத்தனை டாலருக்கு விற்கிறார்கள் என்பதைத் தற்செயலாக ஒரு தாளில் பார்த்துவிட்டேன். என் ஒரு நாள் சம்பளம் அந்த ஒரு மணியைவிடக் குறைவு. கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் அப்பா ஒரு நாளுக்குச் சைக்கிள் வாடகை வாங்கிய தொகை ஞாபகம் வந்தது, கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

அப்பாவிடம் எக்செல்லைக் காட்டிய காலைக்குத் திரும்புகிறேன். நான் இரண்டாவது வரிக்கு ஆதரவாகப் பேசினேன். 62,000 கொடுத்துவிடலாம், அவர் டாலர் கொடுத்தார், டாலர் போய்ச் சேரட்டும். அப்பா தலையாட்டவில்லை. திருநீலகண்டர் கதையை எடுத்தார். தில்லையில் ஓடு செய்யும் குயவரிடம் சிவயோகி ஒருவர் திருவோட்டை வைத்துவிட்டுப் போகிறார், திரும்பி வரும்போது ஓட்டைக் காணோம். புதுசு தருகிறேன் என்கிறார் குயவர். பொன்னாலேயே செய்து தந்தாலும் வேண்டாம், வைத்துவிட்டுப் போன அந்த ஓடுதான் வேண்டும் என்கிறார் யோகி. "அது ஓடுப்பா, இது பணம்" என்றேன். "பணம்னா எந்த நோட்டும் ஒண்ணுதான். அதுக்குத்தான் பணத்தையே கண்டுபுடிச்சாங்க."

"அந்தம்மா வச்சிட்டுப் போனது துட்டு இல்லடா" என்றார் அப்பா. "ஒரு வருசம். இங்க ஒரு வருசம் இருந்து சாப்புடறதுக்குன்னு மாத்துனாங்க. ரூம்பு வாடகை, மெஸ்ஸு, மாசம் ஆயிரத்து நானூறு. பன்னெண்டு மாசம். அன்னிக்கு எனக்கே கணக்கு சொன்னாங்க."

பதினேழாயிரம் 2013-இல் எங்கள் தெருவில் இரண்டு மாதம்கூட ஓடாது. மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். ஒரு வருஷம் தங்கிக்கொள்ளுங்கள், சாப்பாடு கீழே, என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் மறுத்தார், அழுதார், பிறகு ஒத்துக்கொண்டார். நான் அசந்துபோனேன். என் ஐந்து வரியும் தேடிக்கொண்டிருந்த விடையை, நாணயத்தையே தொடாமல் ஒரு சைக்கிள் கடைக்காரர் போட்டுவிட்டார் என்று நண்பர்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது மனையைச் சொல்வதில்லை. ஒரு வருஷத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்த ஆறாவது வரி நிற்கத்தான் செய்கிறது. அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "அவங்களுக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அவர் எப்போது சொன்னார், என்ன மொழியில் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்கு இந்தக் கதையில் வேறு ஒரு கணக்கு. இரண்டு வருஷம் முன்பு யாரோ உறவினரிடம் நான் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "அவரு ஒரு வருசத்தைத் திருப்பிக் குடுத்துட்டாராம். மூணு வேளையும் காரமில்லாம தனியா ஆக்கிப் போட்டது யாரு? கடன் வாங்குனது அவரு, அடைச்சது நானு." உறவினர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. 365-ஐ மூன்றால் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெரியபுராணத்தில் அந்த இரண்டு மடத்திலும் அடுப்படியில் நின்றது யார் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. காசுக்கு வாசி கேட்கிறார்கள் என்று சம்பந்தரிடம் போய்ச் சொன்னவர்களே அவர்கள்தான்.

அந்த அம்மாள் ஒருவர்தான் அதைக் கவனித்திருக்கிறார். 2014 கார்த்திகையில் கிளம்பும்போது அப்பாவிடம் கைகூப்பினார், அம்மாவிடம் ஒரு கவரைக் கொடுத்தார். நூறு டாலர் நோட்டு ஐந்து. அன்றைய கணக்கில் 30,000 ரூபாய் சொச்சம். அம்மா அதை மாற்றவே இல்லை. பட்டுப்புடவைக்கு நடுவில், நாப்தலின் உருண்டையோடு, பீரோவில் இருக்கிறது. மாற்றித் தரட்டுமா என்று நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன்.

"இன்னிக்கு எவ்ளோ?"

போனைப் பார்த்துச் சொல்வேன்.

"போன தடவைக்கு ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கும்மா."

"அப்ப இருக்கட்டும்."